தோல் சோஃபாவுக்கு இல்ல, காத்துக்குத்தான் காசு

போன வாரம் குடும்ப வாட்ஸ்அப்ல ஓட்டை ஓட்டையா இருக்கற ஒரு டார்கெட் காகிதத்தைப் போட்டேன். வந்த கேள்வியெல்லாம் ரெண்டே ரகம்.

"எவ்வளவு ஆச்சு?"

"பயமா இல்லையா?"

ரெண்டுக்கும் பதில் இருக்கு, சொல்றேன். ஆனா ரெண்டையும் விட முக்கியமான ஒண்ணை ஒருத்தர் கூட கேக்கல. அங்க காத்து எப்படி இருந்துச்சுன்னு.

அதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுத உக்காந்தேன்.

நான் இருக்கறது டல்லாஸுக்கு வடக்க. ஃப்ரிஸ்கோ, ப்ளேனோ பக்கம் நம்ம ஊர்க்காரங்க எவ்வளவு பேர்னு உங்களுக்கே தெரியும். டெக்சாஸ்ல துப்பாக்கி சுடற இடம்னா முன்னாடியெல்லாம் ஊருக்கு வெளிய ஒரு தகர ஷெட், ஒரு மண் மேடு, அவ்வளவுதான். இப்ப வர்ற உள்ளரங்க ரேஞ்சுகள் வேற ரகம். கல்லு பதிச்ச முகப்பு, உள்ள தோல் சோஃபா, காபி, உறுப்பினர்களுக்குத் தனி வாசல், சில இடத்துல சுருட்டு பிடிக்கத் தனி அறை கூட உண்டு. கல்யாணத்துல மாப்பிள்ளை வீட்டாருக்கு நடக்கற உபசாரம்தான்.

எனக்கு அந்த உபசாரம் பிடிச்சிருந்தது. நல்ல சோஃபாவுல உக்காந்தா யாருக்குத்தான் பிடிக்காது! ஆனா ரெண்டு மூணு இடம் போய்ப் பாத்ததுல ஒண்ணு தெளிவா தெரிஞ்சுது. ஒரு ரேஞ்ச் உசத்தியா இல்லையான்னு சோஃபா சொல்லாது. கதவுக்கு அந்தப் பக்கம் வர்ற காத்து சொல்லும். அப்புறம், அங்க இருக்கற ஆளுங்க உங்ககிட்ட "முடியாது"ன்னு எப்படிச் சொல்றாங்கங்கறது சொல்லும்.

அந்த "முடியாது"லேர்ந்தே ஆரம்பிக்கறேன். ஏன்னா அது நம்மள்ல நிறைய பேரைத் தொடற விஷயம்.

விசா.

கவுன்டர்ல ஒரு டேப்லெட்டைக் குடுத்து கையெழுத்து போடச் சொல்வாங்க. எல்லாரும் சரசரன்னு தள்ளிட்டுப் போயி கடைசியில 'சம்மதம்'னு தட்டிடுவாங்க. நான் போன இடத்துல அதுக்குள்ள ஒரு கேள்வி இருந்துச்சு. குடியேற்றம் சாராத விசாவுல இந்த நாட்டுக்குள்ள வந்தவரா நீங்கன்னு. ஹெச்1பி, எல்1, எஃப்1, ஊர்லேர்ந்து வர்ற அப்பா அம்மாவோட பி2, எல்லாமே அந்தக் கணக்குதான். அமெரிக்க மத்திய சட்டப்படி அப்படி வந்தவங்க பொதுவா துப்பாக்கியோ தோட்டாவோ கையில வச்சிருக்கக் கூடாது. விலைக்கு வாங்கறது மட்டும் இல்லங்க. ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து ஒரே ஒரு தடவை சுடறதும் 'வச்சிருக்கறது'தான்.

விதிவிலக்கு உண்டு. ஏதாவது ஒரு மாநிலத்தோட செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ் இருக்கறது அதுல ஒண்ணு. க்ரீன் கார்டுக்காரங்களுக்கு இந்தத் தடையே கிடையாது. ஆனா தடை இருக்கறவங்க மீறினா, உச்சபட்ச தண்டனை 2022லேர்ந்து 15 வருஷம். அதோட சேர்ந்து குடியுரிமை, க்ரீன் கார்டு கனவெல்லாம் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ஆபீஸ் டீம் அவுட்டிங்னு பத்துப் பேர் கிளம்பிப் போறாங்களே, அதுல எத்தனை பேருக்கு இது தெரியும்? (தெரியாதவங்களுக்கு இந்தப் பாராவை மட்டுமாவது அனுப்பிடுங்க. உங்க விஷயத்துல சந்தேகம்னா குடியேற்ற வக்கீலைக் கேளுங்க.)

இது ஏட்டுல மட்டும் இருக்கற சட்டம்னு நினைக்காதீங்க. ஃப்ளோரிடாவுக்கு மாணவர் விசாவுல படிக்க வந்த ஒருத்தர், படிப்பு சரியா போகாம யுனிவர்சிடி நீக்கிடுச்சு. ஊருக்குத் திரும்பாம இங்கயே இருந்தாரு. ஒரு ரேஞ்சுக்குப் போய் சுட்டாரு. அதுக்கே மத்திய அரசு வழக்கு போட்டு தண்டனையும் வாங்கிக் குடுத்தது. ரெஹைஃப் வழக்குன்னு பேரு, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. தான் சட்டப்படி இங்க இருக்க முடியாத நிலையில இருந்தோம்னு அவருக்குத் தெரிஞ்சிருந்ததையும் அரசு நிரூபிச்சாகணும்னு 2019ல தீர்ப்பு வந்தது. விசா இருக்கும்போதே உள்ள தடையும், அவர் மாட்டின பிரிவும் வேற வேறதான். ஆனா ரெண்டுமே ரேஞ்ச் லேன்ல நிக்கறவங்களைத் தொடும்.

எங்ககூட என் கொழுந்தன் வந்திருந்தான். ஹெச்1பி. ஆசை ஆசையா காலையிலயே கிளம்பி நின்னவன். கவுன்டர்ல இருந்த பொண்ணு அவனோட பதிலைப் பாத்ததும் என்ன பண்ணாங்க தெரியுமா? வரிசையில நின்ன யாருக்கும் கேக்காம, கவுன்டரோட அந்த ஓரத்துக்கு அவனைக் கூப்பிட்டு மெதுவா விளக்கினாங்க. அவனுக்கு லேன் காசு போடல. கண்ணாடிச் சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு தாராளமா பாக்கலாம்னு சொல்லி, ஒரு காபியையும் கையில குடுத்தாங்க.

"அண்ணி, நீங்க போங்க. நான் இங்கேர்ந்து போட்டோ எடுக்கறேன்"னான். மூஞ்சி வாடல. அதுக்கு முழுக் காரணம் அந்தப் பொண்ணு பேசின விதம்.

வேற ஒரு ரேஞ்சுல (பேர் வேண்டாம்) இதே கேள்விக்கு, "அதெல்லாம் சும்மா, எல்லாத்துக்கும் 'இல்ல'ன்னு டிக் பண்ணிட்டு வாங்க"ன்னு ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. அங்கயும் தோல் சோஃபா இருந்துச்சு. எனக்கு இன்னும் கோவம் தீரல. அவருக்கு அது ஒரு டிக். நம்ம புள்ளைங்களுக்கு வாழ்க்கை.

சரி, உள்ள போவோம்.

உள்ள போறதுக்கு ரெண்டு கதவு. முதல் கதவு மூடினாத்தான் ரெண்டாவது திறக்கும். சத்தமும் புகையும் வெளிய வராம இருக்க அந்த ஏற்பாடு. நடுவுல நிக்கற அந்த சில நொடியில காதுல மாட்டினதை ஒரு தடவை சரி பாத்துக்கோங்க.

எங்களுக்குச் சொல்லிக் குடுத்தவர் வயசானவர், ராணுவத்துல இருந்தவராம். துப்பாக்கியை எடுக்கறதுக்கு முன்னாடியே நாலு விதியை என் வாயால சொல்ல வச்சாரு. எல்லாத் துப்பாக்கியும் லோடு ஆனதுன்னே நினை. அழிக்க மனசில்லாத எதுக்கு நேராவும் குழல் வாயைக் காட்டாதே. குறி பாக்கற வரைக்கும் விரல் ட்ரிகர்ல படக் கூடாது. இலக்கு என்ன, அதுக்குப் பின்னாடி என்னன்னு தெரிஞ்சுக்கோ. இதைத் தொகுத்தவர் ஜெஃப் கூப்பர். 1976ல அரிசோனாவுல துப்பாக்கிப் பயிற்சிக்குன்னே ஒரு பள்ளி தொடங்கின ஆளு. இன்னிக்கு அமெரிக்காவுல நிறைய ரேஞ்சுகள்ல சுவத்துல இந்த நாலுதான் ஏதோ ஒரு வடிவத்துல தொங்கும்.

முதல்ல கையில குடுத்தது பாயின்ட் 22 பிஸ்டல். சின்ன தோட்டா, 1887லேர்ந்து இருக்கற ரகம். உதை ரொம்பக் கம்மி. ட்ரிகரை வெடுக்குன்னு இழுக்காம, நேரா பின்னாடி அழுத்திக்கிட்டே போகணும், எப்ப வெடிக்கும்னு நாம எதிர்பாக்கக் கூடாதுன்னாரு.

எதிர்பாக்காம எப்படிங்க இருக்கறது?

9 மில்லிமீட்டருக்கு மாறினதும் என் ஓட்டையெல்லாம் இடது பக்கம் கீழயே விழ ஆரம்பிச்சுது. அவர் ஒண்ணும் சொல்லல. மேகசினை வாங்கித் திரும்பி நின்னு, நடுநடுவுல டம்மி தோட்டா கலந்து போட்டுக் குடுத்தாரு. எது நிஜம், எது டம்மின்னு எனக்குத் தெரியாது. டம்மி வர்றப்போ வெடிக்காது, ஆனா என் கை மட்டும் கீழ குதிச்சுது! துப்பாக்கி உதைக்கறதுக்கு முன்னாடியே நம்ம உடம்பு அதுக்குத் தயாராகி கீழ அழுத்துது. வலது கைக்காரங்களுக்கு குண்டு இடது கீழ போறதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பத்து நிமிஷம் வாயால விளக்கினாலும் புரியாதது, ஒரு டம்மி தோட்டாவுல புரிஞ்சுது. அப்புறம் மூச்சை விட்டு, மெதுவா, அழுத்தி அழுத்தி... கொஞ்சம் கொஞ்சமா ஓட்டைங்க நடுவுக்கு வந்து சேர்ந்தப்போ வந்த சந்தோஷம் இருக்கே! என் வீட்டுக்காரர் பக்கத்து லேன்லேர்ந்து கை தட்டினாரு. (ரேஞ்ச் ஆபீசர் உடனே அவரைத் துப்பாக்கியைக் கீழ வச்சாச்சான்னு கேட்டாரு. வச்சிருந்தாரு.)

இங்க பொண்ணுங்களுக்கு ஒண்ணு சொல்லணும். இன்னொரு இடத்துல நடந்தது. வாடகைத் துப்பாக்கி அடுக்குக்கு முன்னாடி நான் நிக்கறேன், ஃபார்ம்ல என் பேரு, கார்டு என்னோடது. ஆனா அந்த ஆளு என் வீட்டுக்காரரைப் பாத்தே பேசறாரு. "மேடத்துக்கு இது சரியா இருக்கும்"னு குட்டியா, உள்ளங்கை அளவுல, ரோஸ் கலர்ல ஒண்ணை எடுத்து வச்சாரு.

குட்டித் துப்பாக்கி பொம்பளைங்களுக்கு சுலபம்ங்கறது சுத்தத் தப்பு. எடை கம்மியானா உதை அதிகம். பிடிக்க இடம் இல்ல, சுண்டு விரல் காத்துல தொங்கும். குழல் சின்னது, குறி பாக்கற முனைங்களுக்கு நடுவுல தூரமும் கம்மி, அதனால கை கொஞ்சம் ஆடினாலும் குண்டு எங்கயோ போகும். ரொம்ப நாள் பழகினவங்களே அதைச் சுட முகம் சுளிப்பாங்க. புதுசா வர்றவங்களுக்கு வேண்டியது நல்ல எடையுள்ள, முழு அளவுத் துப்பாக்கி. பாயின்ட் 22ல தொடங்கினா இன்னும் நல்லது. முதல் நாளே குட்டியை எடுத்து, கை வலிச்சு, "இது நமக்கு ஆகாது"ன்னு போன பொண்ணுங்க எத்தனையோ பேர். அவங்களுக்கு ஆகாம போனது துப்பாக்கி இல்ல, அந்த சேல்ஸ்மேன்.

சத்தம் பத்தி.

துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபெலுக்கு மேல. பெரிய ரகங்கள் 160ஐத் தாண்டும். ஒரே ஒரு வெடி போதும், காதுல நிரந்தரமா ஏதாவது ஆகறதுக்கு. உள்ளரங்கத்துல சுவர்ல பட்டுத் திரும்பி வேற வரும். அதனால காதுக்குள்ள அடைப்பான், அதுக்கு மேல காது மூடி, ரெண்டும் போடுங்க. ரெண்டையும் போட்டா பாதுகாப்பு ரெண்டு மடங்காகும்னு கணக்கு போடாதீங்க, கூடுதலா கிடைக்கறது 5 டெசிபெல் அளவுதான். அந்த அஞ்சும் வேணும். பக்கத்து லேன்ல யாராவது குட்டைக் குழல் ரைஃபிளை எடுத்தா காதுக்கு முன்னாடி நெஞ்சுல அடிக்கும். நல்ல ரேஞ்சுகள்ல ரைஃபிளுக்குத் தனி அறை இருக்கும். இல்லாட்டி லேன் மாத்தித் தரச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க.

இப்ப காத்து.

தோட்டாவோட அடியில ஒரு சின்ன பிரைமர் இருக்கும். பெரும்பாலான தோட்டாக்கள்ல அதுல ஈயக் கலவை. குண்டும் பெரும்பாலும் ஈயம். ஒவ்வொரு தடவை சுடும்போதும் கண்ணுக்குத் தெரியாத ஈயத் தூளும் ஆவியும் உங்க முகத்துக்கு நேர வெளிய வருது. வெளி மைதானத்துல காத்து அடிச்சிட்டுப் போயிடும். நாலு சுவத்துக்குள்ள எங்க போகும்?

யாராவது தள்ளி விடணும். அதுதான் அந்தக் கட்டடத்தோட உண்மையான செலவு.

அமெரிக்க அரசோட தொழிலிட ஆரோக்கிய ஆய்வு நிறுவனம் நியோஷ், 2009ல உள்ளரங்க ரேஞ்சுகளுக்குன்னே ஈயம், சத்தம் ரெண்டைப் பத்தியும் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. அவங்க சொல்ற முறை இது. காத்து சுடறவங்களோட முதுகுப் பக்கச் சுவர்லேர்ந்து சீரா வரணும், அவங்களைத் தாண்டி குண்டு போற திசையிலயே போகணும், கடைசியில ஃபில்டர் வழியா வெளியேறணும். சுடற இடத்துல அதோட வேகம் நிமிஷத்துக்கு 75 அடி, குறைஞ்சபட்சம் 50 அடி. சும்மா ஏசி போட்டு ஜில்லுனு வச்சிருக்கறது இதுக்குப் பதில் ஆகாது. காத்து சுழண்டு சுழண்டு திரும்பி மூஞ்சிக்கே வந்தா, ஜில்லுனு இருக்கற ஈயத்தைத்தான் சுவாசிக்கறீங்க.

நான் ஒரு டிஷ்யூ காகிதத்தை மெல்லிசா கிழிச்சு லேன்ல பிடிச்சுப் பாத்தேன். (யாரும் சுடாத நேரத்துல, ரேஞ்ச் ஆபீசர்கிட்ட கேட்டுட்டு.) நல்ல இடத்துல அது டார்கெட் பக்கமா சாஞ்சு நின்னுச்சு, ஆடாம. பக்கத்துல இருந்தவர் சுட்ட புகை என்கிட்ட வரவே இல்ல. மேனேஜர்கிட்ட ஃபில்டர் எப்ப மாத்துவீங்கன்னு கேட்டேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துடுச்சு! யாரும் கேக்கறதே இல்லையாம். சுவத்துல இருந்த காத்தழுத்த மானியைக் காட்டி, முள்ளு எங்க வந்தா மாத்தணும், தரையைத் துடைப்பத்தால பெருக்காம ஏன் விசேஷ வேக்கூம் போடறாங்கன்னு வரிசையா சொன்னாரு. உலர் துடைப்பம் போட்டா படிஞ்ச ஈயம் மறுபடி மேல கிளம்பும். நாள் முழுக்க அங்கயே நிக்கற வேலைக்காரங்களுக்காகத்தான் முக்கியமா இதெல்லாம். காத்துல ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம், எட்டு மணி நேரச் சராசரிக்கு, அதுக்கு மேல ஈயம் இருக்கக் கூடாதுன்னு 1978லயே விதி வந்தாச்சு. 2014ல சியாட்டில் டைம்ஸ் நாளிதழ் அமெரிக்க ரேஞ்சுகள்ல ஈயத்தால உடம்பு கெட்டுப் போன ஊழியர்கள், வாடிக்கையாளர்கள் பத்தி ஒரு பெரிய தொடரே போட்டது.

வாடிக்கையாளரான நமக்கு என்ன? எப்பவாவது போறவங்களுக்கு பயம் கம்மி. ஆனா கையில, சட்டையில, முடியில ஒட்டிக்கிட்டு வீட்டுக்கு வர்றது இருக்கே, அது குழந்தைங்களுக்கு ஆபத்து. குழந்தைங்க ரத்தத்துல இவ்வளவு ஈயம் இருந்தா பரவாயில்லன்னு ஒரு அளவே கிடையாது. அதனால வெளிய வந்ததும் முதல் வேலை, சோப்பு போட்டு குளிர்ந்த தண்ணில கை, மூஞ்சி, கழுத்து. அதுக்கு முன்னாடி போனைத் தொடாதீங்க, காபியையும் தொடாதீங்க. வீட்டுக்கு வந்து துணி மாத்திட்டு, குளிச்சிட்டு, அப்புறம் குழந்தையைத் தூக்குங்க. கர்ப்பமா இருக்கறவங்க உள்ள போகவே வேண்டாம்.

அந்தக் கோவக்கார இடம் (அதேதான், "எல்லாத்துக்கும் 'இல்ல'" இடம்) உள்ள போனதுமே நாக்குல ஒரு உலோக ருசி தட்டிச்சு. காபி மெஷின் சுடற கூடத்துக் கதவை ஒட்டியே இருந்துச்சு. நாங்க திரும்பி வந்துட்டோம், கட்டின காசைப் பத்திக் கூட கேக்கல.

இன்னொரு "முடியாது" சொல்லணும். இதை நிதானமா படிங்க.

நிறைய ரேஞ்சுகள்ல, சொந்தத் துப்பாக்கி இல்லாம தனியா வர்றவங்களுக்கு வாடகைக்குத் தர மாட்டாங்க. கூட ஒருத்தர் வரணும். ரேஞ்சுகளைப் பத்தி ஆளுங்க எழுதற விமர்சனங்களைப் பாருங்க, இதுக்குத்தான் ஒத்தை நட்சத்திரம் நிறைய விழும். "காசு குடுக்கறேன், என்னை சந்தேகப்படறாங்க"ன்னு. இது சந்தேகம் இல்லங்க. அமெரிக்காவுல துப்பாக்கியால போற உயிர்கள்ல பாதிக்கு மேல தற்கொலை. 2009ல நியூ ஹாம்ப்ஷயர்ல ஒரு வாரத்துக்குள்ள மூணு பேர், ஒரே கடையில வாங்கின துப்பாக்கியால, வாங்கின சில மணி நேரத்துல போயிட்டாங்க. அந்தக் கடைக்காரர் மனசு உடைஞ்சு ஒதுங்கிப் போகல. தற்கொலைத் தடுப்புல வேலை செய்யறவங்களோட சேர்ந்து உக்காந்து, மனசு சரியில்லாத நிலையில வர்ற வாடிக்கையாளரை எப்படி அடையாளம் காணறது, எப்படிப் பேசறதுன்னு மத்த கடைகளுக்கும் எடுத்துட்டுப் போனாரு. கவுன்டர்ல ஒருத்தர் உங்களைத் தனியா விட மறுத்தா, அவர் யாரோ ஒருத்தரோட அம்மாவை நினைச்சு அப்படிச் செய்யறாரு. நான் அந்த ரேஞ்சுக்குத்தான் அஞ்சு நட்சத்திரம் குடுப்பேன். (உங்களுக்கோ தெரிஞ்சவங்களுக்கோ மனசு தாங்கலன்னா, அமெரிக்காவுல 988 எந்நேரமும் எடுப்பாங்க. கூப்பிடலாம், மெசேஜும் அனுப்பலாம்.)

கொழுந்தனுக்கு என்ன வழின்னு நீங்க கேப்பீங்க. இருக்கு! காத்தழுத்தத் துப்பாக்கி. அமெரிக்க மத்திய சட்டம் அதைத் துப்பாக்கிக் கணக்குல சேக்கறதில்ல, ஏன்னா அதுல வெடிமருந்து கிடையாது. சாதாரணமா நினைச்சிடாதீங்க. நம்ம கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் ஒலிம்பிக் வரைக்கும் போனது அந்த 10 மீட்டர் ஏர் ரைஃபிள்லதான். அதுல நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். அரை! இதைச் சொன்னதும் அவன் அன்னிக்கே கிளப் தேட ஆரம்பிச்சுட்டான். (பெல்லட்டும் ஈயம்தான்டா, கை கழுவுன்னு சொல்லி வச்சிருக்கேன்.)

அப்புறம் அந்த முதல் ரெண்டு கேள்வி. லேன் ஒரு மணி நேரம், வாடகைத் துப்பாக்கி, அவங்ககிட்டயே வாங்கின தோட்டா (வாடகைத் துப்பாக்கிக்கு வெளித் தோட்டா போட விடல), சொல்லிக் குடுத்தவருக்கு, எல்லாம் சேர்த்து ரெண்டு பேருக்கு ஒரு நல்ல ரெஸ்டாரன்ட் டின்னரை விட அதிகம். தோட்டாதான் சத்தமில்லாம பில்லை ஏத்தும். பயம் இருந்துச்சு, இருக்கவும் வேணும்.

போறதா இருந்தா வார நாள் காலையில போங்க, சொல்லிக் குடுக்க ஆள் கிடைப்பாங்க. கால் மூடின ஷூ போடுங்க. கழுத்தை ஒட்டின காலர் சட்டை போடுங்க, சுடிதார்னா ஏறின கழுத்து. சுட்டதும் பித்தளை உறை கொதிக்கக் கொதிக்க பக்கவாட்டுல பறந்து வரும், கழுத்து வழியா உள்ள விழுந்தா துள்ளத்தான் தோணும். அப்படி விழுந்தா துள்ளாதீங்க. முதல்ல குழல் வாய் முன்னாடியே இருக்கட்டும், விரலை ட்ரிகர்லேர்ந்து எடுங்க, துப்பாக்கியைக் கீழ வைங்க. அதுக்கப்புறம் எவ்வளவு வேணா துள்ளிக்கோங்க.